ஆஸ்டின் டவுனில் ஒரு பிரெஞ்சுச் சாவு

பெங்களூருக்கு வருகிறவர்களிடம் முதலில் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். என் அக்கா புருஷன் பீட்டர் என்னிடம் ஒரு சாவைப் பற்றிப் பேசினார்.

மடிவாளாவில் புதுச்சேரி பஸ்ஸை விட்டு இறங்கி, அவருடைய ஸ்கூட்டரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈஜிபுரா சிக்னலில் நின்றபோது பெட்டியின் ஒரு மூலை பக்கத்து ஆட்டோவுக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த ஒரு அம்மாள் அதைத் தன் பெட்டி மாதிரியே கையால் தாங்கிக்கொண்டாள். நான் இருக்கிற பாரிஸில் ஒருவர் பெட்டியை இன்னொருவர் தொட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். அந்தப் பயணத்தில் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிக்னல் தாண்டியதும் பீட்டர் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். டீ சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

"மச்சான், வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன். கௌதமன் அங்கிள் தவறிட்டாரு. போன வாரம். ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு நான் மட்டும் போய் மாலை போட்டுட்டு வந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. தெரியவே கூடாது. அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன்."

அப்பா என்றால் சவரிமுத்து மாமா, அக்காவின் மாமனார். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள்ளிருந்து ஆட்களை மேலே இழுக்கிற இன்ஜினை ஓட்டியவர். சுரங்கத்தை மூடியபிறகு மகனோடு பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு வந்துவிட்டார். இப்போது இதயத்தில் அடைப்பு. அதிர்ச்சி தருகிற எதையும் அவர் காதில் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கௌதமன் ஒரு காலத்தில் மாமாவின் உயிர்ச் சிநேகிதர், பிற்காலத்தில் ஜென்ம விரோதி. தங்கவயலிலேயே தங்கிவிட்டவர். பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. பேசாத ஆள் செத்தால் என்ன அதிர்ச்சி என்று கேட்கிறவர்கள் மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்க மாட்டார்கள். கௌதமனைத் திட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

எனக்கு டீ இறங்கவில்லை. காரணம் என் பெட்டியில் இருந்தது.

மாமா போனில் கேட்டுக் கேட்டு, நான் பாரிஸில் தேடி வாங்கிவந்த டிவிடி அது. பிரெஞ்சு சினிமாவின் போக்கையே மாற்றிய இரண்டு இயக்குநர்களின் நட்பைப் பற்றிய ஆவணப்படம். இளம் வயதில் ஒரே தியேட்டரில் பழியாய்க் கிடந்தவர்கள், ஒருவர் படத்துக்கு இன்னொருவர் கதை கொடுத்தவர்கள், பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் போனவர்கள். படத்தின் கடைசிப் பகுதியில் ஒருவர் செத்துப்போகிறார். மற்றவர் அடக்கத்துக்கு வரவில்லை. புறப்படும் முன் நான் முழுவதும் பார்த்திருந்தேன்.

மாமாவுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தங்கவயலில் மாமாவும் கௌதமனும் சேர்ந்து ஒரு பிலிம் சொசைட்டி நடத்தினார்கள். பெங்களூரிலிருந்து படப்பெட்டி ரயிலில் போகும். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த ஜனங்கள் கிளப் ஹாலில் உட்கார்ந்து பிரெஞ்சுப் படம் பார்ப்பார்கள். அவர்களுக்குப் புரிவதற்காகக் கௌதமன் ஓரமாக மைக்கைப் பிடித்து நின்று, படம் ஓட ஓட வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அந்த இரண்டு இயக்குநர்களின் பெயரும் யார் வாயிலும் நுழையவில்லை. எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவர் கண்ணாடிக்காரர் ஆனார். மெல்லிய டை கட்டியிருந்தவர் டைக்காரர் ஆனார். மாமா கண்ணாடிக்காரர் கட்சி, கௌதமன் டைக்காரர் கட்சி.

ஆவணப்படத்தில் சாகிறவர் டைக்காரர்.

"டிவிடிய பாண்டியிலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லிடு மச்சான்," என்றார் பீட்டர். எங்கள் பூர்வீக வீடு புதுச்சேரியில் இருக்கிறது. சரி என்று தலையாட்டினேன்.

ஆஸ்டின் டவுன் வீட்டு வாசலில் ரெஜினா அக்கா செக்போஸ்ட் போலீஸ்காரி மாதிரி நின்றிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்ட கையோடு காதில் ஓதினாள். "பீட்டர் சொன்னாரா? உன் மூஞ்சிய மாத்து. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு." மாமாவின் போன் ரிப்பேருக்குப் போயிருப்பதாக ஏற்பாடு. உண்மையில் அது அரிசி டப்பாவில் இருந்தது. தங்கவயல்காரர்களின் வாட்ஸப் குழுவில் கௌதமன் படத்தோடு கண்ணீர் அஞ்சலி வந்துகொண்டே இருந்ததாம். பேப்பர் நிறுத்தியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் மாமாவை விடவில்லை. யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால்?

மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். குரல் மட்டும் முழுசாக இருந்தது.

"வா தம்பி. கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன் மாமா," என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பீட்டர் கையில் இருந்த ஹெல்மெட் கீழே விழுந்தது.

இது தொழிலால் வந்த கேடு. பாரிஸ் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். டாக்டர் பிரெஞ்சில் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். புற்றுநோய் என்றால் புற்றுநோய், பிழைப்பது கஷ்டம் என்றால் கஷ்டம். அங்கே நோயாளியிடம் எதையும் மறைக்கக் கூடாது. நம் ஜனங்கள் விடுவார்களா? நோயாளியின் பின்னால் நின்று கண்ணைக் காட்டுவார்கள். ஒரு அம்மாள் புருஷனுக்குத் தெரியாமல் மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளியே விட்டாள். நான் அசைந்ததில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிப் பழகிய வாய் இங்கேயும் முந்திக்கொண்டது.

அன்று சாயங்காலம் அக்கா எனக்காக ராகி முத்தே என்கிற களியும் கோழிக் குழம்பும் செய்திருந்தாள். பாண்டியில் களி என்றால் ஏழையின் சாப்பாடு என்று முகம் சுளிப்பார்கள். இங்கே ஓட்டலில் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். மாமாவுக்கு உப்பில்லாத கஞ்சி. அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டு, கௌதமனின் மனைவி வைக்கிற குழம்பைப் புகழ்ந்தார், உடனே கௌதமனைத் திட்டினார். அக்கா சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் அக்கா என்னைப் பிடித்தாள்.

"அந்தத் தகட்ட ஒடச்சுடலாமா?"

"இன்னொண்ணு வாங்கி அனுப்புன்னு கேப்பாரு. நேத்துலேர்ந்து மேல்வீட்டுக்காரங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்காராம்."

"அதுல இங்கிலீஷ் எழுத்து ஓடுமா?"

"இல்ல. வெறும் பிரெஞ்சுதான்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் என்னாடா? நீதானே தமிழ்ல சொல்லப் போற. சாகாத மாதிரி சொல்லிடு."

இரண்டாம் நாள் காலையில் நான் தொம்மலூருக்குப் போனேன். மாமாவின் மாத்திரை அங்கே ஒரு கடையில்தான் கிடைக்கும் என்றார்கள். கண்ணாடிச் சுவர் ஆபீஸ்களுக்கு நடுவில் திடீரென்று ஒரு பழைய ஊர் வருகிறது. கோயில், குறுகலான சந்து, ஜன்னலில் காயும் உள்பாவாடை. ஒரு தள்ளுவண்டியில் தட்டு அகலத்துக்கு இட்லி சாப்பிட்டேன். பக்கத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அம்மாகிட்ட வேலை போனதைச் சொல்லலை. தினமும் டிபன் கட்டிக் கொடுக்கறாங்க, வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள் ஒருத்தி. கன்னடம் எனக்கு அரைகுறைதான். ஆனால் அது தெளிவாகப் புரிந்தது. இந்த ஊரில் ஆளாளுக்கு எதையோ மறைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள் என்று தோன்றிற்று.

திரும்பி வந்தபோது வீட்டில் இன்னொரு ஆபத்து உட்கார்ந்திருந்தது. கீழ்வீட்டுத் தையற்காரர் அமானுல்லா பாய். அக்கா வாசலிலேயே அவருக்குப் பாடம் நடத்தித்தான் உள்ளே விட்டிருக்கிறாள். பாயும் நல்ல மனிதர்தான். ஆனால் துக்கம் தெரிந்த மனிதருக்கு வாய் சும்மா இருக்காது.

"தைரியமா இரு சவரிண்ணே. வந்தவங்க எல்லாரும் ஒருநாள் போயித்தானே ஆவணும்," என்றார்.

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. மாமா நிமிர்ந்தார்.

"யாரு போனாங்க இப்போ?"

பாய் என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குண்ணே. எல்லாரும் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போயித்தானே ஆவணும்," என்று சொல்லிவிட்டு, கடையில் யாரோ காத்திருப்பதாக எழுந்து ஓடினார். மாமா மார்பைத் தடவிக்கொண்டார். சும்மா தடவினாரா, வலித்துத் தடவினாரா என்று தெரியாமல் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவர் அந்தச் சண்டையின் கதையைச் சொன்னார். பீட்டர் பலமுறை சொன்ன கதைதான். ஆனால் ஒரு முக்கியமான சங்கதியைப் பீட்டர் விட்டிருந்தார்.

"மைன்ஸ் மூடிட்டாங்க. ஜனங்க வேலையில்லாம ஹால்ல வந்து குந்திக்கினு இருக்காங்க. டைக்காரன் படம் ஓடுது. கடைசியில அதுல வர்ற பையன் செத்துப்பூடுவான். இவன் மைக்ல இன்னா சொல்றான் தெரியுமா? மயக்கம் போட்டிருக்கான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறாங்க, பொழச்சுப்பான்றான்! நான் எழுந்து நின்னேன். பொய் சொல்றான், அவன் செத்துட்டான்னு கத்தினேன். அத்தினி ஜனத்துக்கு முன்னாடி. இவன் மைக்க கீழ வெச்சான். நடந்து போயிட்டான். அவ்ளோதான். படத்துல இருக்கறத மாத்திச் சொல்றவன் மனுஷனா தம்பி? நீ சொல்லு."

நான் தண்ணீர் குடித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நான் செய்யப் போவதும் அதேதான். கண்டுபிடித்தால் அதிர்ச்சி இரட்டிப்பு. ஒன்று நண்பன் சாவு, இன்னொன்று என் பொய். இதயத்தில் அடைப்புள்ள ஒரு மனிதரின் உயிர் என் நாக்கு நுனியில் இருந்தது. இதைவிடப் பயந்த நாள் என் வாழ்க்கையில் இல்லை.

பொழுது சாய்ந்ததும் படம் போட்டோம். மேல்வீட்டுக்காரர்கள், பாய், அக்கா, பீட்டர் என்று ஹால் நிறைந்துவிட்டது. மாமாவைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும். நான் டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் பாதி சுகமாகப் போயிற்று. இரண்டு இளைஞர்கள் ஒரே சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு பாரிஸ் தெருவில் நடந்தார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னேன். மாமா கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "பாரு, டைக்காரன் அப்பவே டை கட்டிக்கினு இருக்கான்," என்று சிரித்தார். பிறகு சண்டை வந்தது. உன் படங்கள் பொய் சொல்கின்றன என்று கண்ணாடிக்காரர் டைக்காரரைப் பழித்த கதையைச் சொல்லும்போது மாமா தொடையில் தட்டினார். "அப்படிக் கேளு!"

பிறகு திரையில் குளிர்காலம் வந்தது. மழைத் தூறல், ஒரு கல்லறைத் தோட்டம், குடை பிடித்த கொஞ்சம் பேர், ஒரு பெட்டி. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"யாரு சாவு இது?" என்றார் மாமா.

"அவங்க ரெண்டு பேருக்கும் சினிமா சொல்லிக்கொடுத்த வாத்தியார் மாமா. வயசானவர்."

திரையில் கண்ணாடிக்காரர், தலை முழுக்க நரைத்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடக்கத்துக்கு ஏன் போகவில்லை என்று கேள்வி. எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை, அதற்குள் அவன் போய்விட்டான் என்பது அவருடைய பதில். நான் வாயைத் திறந்தேன்.

"வாத்தியார் சாவுலதான் அவனப் பாத்தேன், பேசிக்கிட்டோம், சண்டை முடிஞ்சுதுன்னு சொல்றாரு."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்குப் பயத்தில் கூடுதலாகவே வந்தது.

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "யாரு மொதல்ல பேசுனது?"

அவருக்குப் பிடிக்கட்டுமே என்று, "கண்ணாடிக்காரர்தான் மாமா," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டாள். எல்லாரும் எழுந்து போனார்கள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மூன்றாம் நாள் நான் எழுந்து வந்தபோது மாமா குளித்து, முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பீட்டர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார். அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கேஜிஎஃப் போய் வரலாம் வா. கௌதமனப் பாக்கணும்."

"ஆபரேஷன் முடியட்டும் மாமா," என்றாள் அக்கா. "டாக்டர் திட்டுவாரு."

"டாக்டரு என் உசுருக்கு கேரண்டி குடுத்தாரா? ஆபரேஷன் மேசையிலயே பூட்டேன்னா? அந்தக் கண்ணாடிக்காரன் எவ்ளோ பெரிய ஆளு, அவனே எறங்கி வந்து மொதல்ல பேசியிருக்கான். எனக்கு இன்னா கொம்பா மொளச்சிருக்கு? நீங்க வராட்டி நான் தனியா போறேன்."

என் வினை. நேற்றுச் சாயங்காலம் சொன்ன இரண்டு வார்த்தை, எண்பதை நெருங்கும் ஒரு நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிறுத்திவிட்டது. அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். "ரயில எப்படியாவது தவற விட்டுடு. ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுங்க."

பெங்களூரில் ரயிலைத் தவறவிடுவது ஒரு பெரிய காரியமா? ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் டிராபிக் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஏறினேன். அன்றைக்கென்று என்ன அதிசயமோ, ரோடு துடைத்து விட்டாற்போல் காலி. சிக்னல்கூட எங்களைப் பார்த்ததும் பச்சை ஆயிற்று. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்ட டிரைவர், "இவ்வளவு சீக்கிரம் இங்கே யாரையும் கொண்டுவந்து சேர்த்ததே இல்லை சார்," என்று கன்னடத்தில் பெருமைப்பட்டார். அவரை அடித்தால் என்ன என்று இருந்தது.

டிக்கெட் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். அப்போதுதான் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. தங்கவயலிலிருந்து வருகிற ரயில் எதிரே வந்து நின்றது. தினமும் வேலைக்கு பெங்களூருக்கு வந்து போகிற தங்கவயல் ஜனம் முழுக்க அதிலிருந்து இறங்கிற்று. டிபன் பையும் குடையும் தமிழும். அத்தனை பேருக்கும் கௌதமன் செத்தது தெரியும். பாதிப் பேருக்கு மாமாவைத் தெரியும்.

நான் எழுந்து அவரை மறைத்தாற்போல் நின்றேன். பிரயோஜனம் இல்லை.

"சவரிண்ணே!"

நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி டிபன் பையோடு ஓடிவந்தாள். மாமா கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தான் கெளம்புனீங்களாண்ணே? அன்னிக்கே வருவீங்கன்னு நாங்கள்லாம்..."

"அவருக்கு ஹார்ட்டும்மா," என்று நான் குறுக்கே விழுந்தேன். "அடுத்த வாரம் ஆபரேஷன்."

வேறு எந்த ஊரிலும் எந்த ஜனத்துக்கும் இந்த ஒரு வார்த்தை போதாது. அவளுக்குப் போதுமாக இருந்தது. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள். "உடம்பப் பாத்துக்கோங்கண்ணே," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போனாள். ஆனால் கண்ணீரை அவளால் விழுங்க முடியவில்லை. அது நிரம்பி வழிந்ததை மாமா பார்த்துவிட்டார்.

ரயில் காலியாயிற்று. பிளாட்பாரமும் காலியாயிற்று. மாமா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் டாக்டரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"தம்பி, உன் ஆஸ்பத்திரியில பேஷண்ட்டு நேரா கேட்டா இன்னா சொல்லுவ?"

"உள்ளத உள்ளபடி சொல்லணும் மாமா."

"நேத்துப் படத்துல அந்தச் சாவு யாரோடது?"

இவர் இங்கேயே சரிந்தால் என்ன செய்வேன்? ஆம்புலன்ஸ் நம்பர் என்ன? அக்காவுக்கு எந்த வாயால் சொல்வேன்? எல்லாம் ஒரே நொடியில் ஓடிற்று. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"டைக்காரரோடது மாமா."

அவர் தலையை ஆட்டினார். "அந்தச் சாவுக்கு அப்புறம் கண்ணாடிக்காரனுக்கு முடி நரைக்குது, கன்னம் ஒட்டுது. டைக்காரனுக்கு நரைக்கவே இல்லியேன்னு பாத்தேன்." கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்போ?"

"அது ஆச்சு மாமா, ரொம்ப வருஷம் முன்னாடி."

"நான் படத்தக் கேக்கல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "போன வாரம். பீட்டர் மச்சான் போய் மாலை போட்டுட்டு வந்தாரு," என்றேன்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்காக என்று அவர் நினைத்திருக்கலாம். நான் நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். அது ஓடிற்று, தடுக்கிற்று, மறுபடி ஓடிற்று. என்னுடையது அதைவிட வேகமாக ஓடிற்று. நாங்கள் ஏற வேண்டிய ரயில் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இப்ப அங்க போயி யாருகிட்ட பேசறது?" என்றார். ரயில் போய்விட்டது.

பிறகு சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "வூட்ல சொல்லாத. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அதுங்க பயந்துக்கும். ரெஜினா தூங்கவே மாட்டா. ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் அதுங்களாவே சொல்லட்டும்."

திரும்பும்போது ஆட்டோவைச் சுற்றி அத்தனை வண்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. மாமா வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அக்காவைக் கண்டதும், "ரயிலு பூட்ச்சிம்மா. ஆபரேஷன் ஆனப்புறம் பாத்துக்கலாம்," என்றார். அக்கா என் கையை அழுத்தி, "நீ பொழச்சுக்குவடா," என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு நின்றேன். பாரிஸில் பத்திரமாக உண்மையைச் சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், இப்போது இரண்டு பக்கமும் பொய் சொல்கிறவனாகியிருந்தேன்.

மத்தியானக் கஞ்சியை மாமா தொடவில்லை. கௌதமனைத் திட்டவும் இல்லை. திட்டாததை அக்கா கவனித்துவிடுவாளோ என்று எனக்கு ஒரு பயம்.

சாயங்காலம் அவர், "அந்தப் படத்தப் போடு தம்பி. கடைசியில அந்தச் சாவு வருதே, அது மட்டும்," என்றார். அக்காவுக்குச் சந்தோஷம். "மாமாவுக்கு அவ்ளோ பிடிச்சுப்போச்சா!" என்று சொல்லி, காய் நறுக்குவதை எடுத்துக்கொண்டு வந்து அவளும் உட்கார்ந்தாள்.

மழைத் தூறல் வந்தது. குடைகள் வந்தன. பெட்டி இறங்கிற்று. ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, எந்த நொடியிலும் நிறுத்தத் தயாராக இருந்தேன்.

"சொல்லு," என்றார் மாமா.

"இது அவங்க வாத்தியார் சாவு," என்றேன். "ரெண்டு பேரும் வந்திருக்காங்க. பேசிக்கிறாங்க."

மாமா அழுதார். சத்தமாக, தோள் குலுங்க, மறைக்காமல். அக்கா, "படந்தானே மாமா, ஏன் இப்படி," என்று தொடங்கினாள், பிறகு அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியும். அவர் யாருக்காக அழுதார் என்று அவளுக்குத் தெரியாது. நான் அவருடைய மார்பையே பார்த்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமா கேட்டார்: "கூட்டம் நல்லா வந்துதா?"

படத்தில் குடை பிடித்த கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். கௌதமனின் அடக்கத்தை நான் பார்த்ததில்லை. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றிருந்த பீட்டர் பதில் சொன்னார்.

"வந்துதுப்பா. ரோடு கொள்ளல."